ஓர் இடைச்சொல் செய்த கொலை

பிரிக்ஃபீல்ட்ஸ் ஒட்டுக்கடையில் தேத்தண்ணி கலக்கும் ரெங்கசாமிக்குத் தான் ஒரு கொலைகாரனா இல்லையா என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. ஆமாம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி, விஷயம் தெரிந்த ஒருவர் வாயால் சொல்லிவிட்டால் போதும், ராத்திரி தூங்கிவிடலாம் என்று நினைத்தான். இந்த மாதிரிக் கேள்வியைக் கோயிலில் கேட்கலாம், மனைவியிடம் கேட்கலாம், ஒன்றும் இல்லாவிட்டால் போலீஸிலாவது கேட்கலாம். அவனுடைய போதாத காலம், கிள்ளான் பள்ளத்தாக்கு இலக்கிய வழக்காடு மன்றத்தில் போய்க் கேட்டான்.

இந்த மன்றத்தைப் பற்றித் தெரியாதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். வாழை இலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் மேல்மாடியில், சாம்பார் வாசம் படியேறி வரும் மண்டபத்தில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள். பழைய கதைகளில் யாராவது யாரையாவது கொன்றிருந்தால் அவரைக் கூண்டில் ஏற்றி, கொன்றது குற்றமா, விதியா, அறமா என்று இரண்டு அணியாகப் பிரிந்து வாதாடுவார்கள். நடுவர் தீர்ப்பு சொல்வார். அப்புறம் அதிர்ஷ்டக் குலுக்கல். இத்தனை வருடத்தில் கதைகளில் வரும் ஒரு ராஜாவையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. ஒரே ராஜாவைக் கிள்ளானில் தூக்கில் போட்டு, ரவாங்கில் விடுதலை செய்து, ஷா ஆலமில் மறுபடியும் பிடித்துக்கொண்டு வந்ததும் உண்டு. எந்த ராஜாவும் மேல்முறையீட்டுக்கு வராததால் மன்றத்தின் பெயர் இதுவரை கெடவில்லை.

மன்றத்தின் தலைவரும் நிரந்தர நடுவருமான முகுந்தன், ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். உத்தியோகக் காலம் முழுவதும் நீதிபதிகள் சொன்ன தீர்ப்பைத் தமிழில் திருப்பிச் சொன்னவர். சாவதற்குள் ஒரு தீர்ப்பாவது சொந்தமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் மன்றத்தையே ஆரம்பித்தார் என்று அவருக்கு வேண்டாதவர்கள் சொல்வார்கள். வேண்டியவர்களும் அதையேதான் சொல்வார்கள், கொஞ்சம் மரியாதையாக.

அவர் மாலையில் ரெங்கசாமி கடைக்கு வருவார். ரோட்டி சானாய் கேட்பதைக்கூடச் செந்தமிழில் கேட்பார். ஒருநாள் கூட்டம் இல்லாத நேரத்தில் ரெங்கசாமி அவர் எதிரே வந்து நின்றான்.

"சார், நீங்க சட்டம் தெரிஞ்ச ஆளு. ஒண்ணு கேக்கலாமா?"

"தாராளமாக வினவலாம்."

"ஒரு ஆளு செத்துட்டாரு சார். என்னால செத்தாரா, அவராலயே செத்தாரான்னு தெரியல. அது கொலையா?"

முகுந்தன் கையில் இருந்த ரோட்டித் துண்டு பருப்புக் குழம்பில் விழுந்தது. பல மாதங்களாக அவருக்குக் கொலைகாரப் பஞ்சம். இருந்த ராஜாக்கள் எல்லாம் தீர்ந்து, போன மாதம் ஒரு முனிவருடைய மாட்டைக் கூண்டில் ஏற்ற வேண்டியதாகிவிட்டது. "அமருங்கள். ஒன்றையும் மறைக்காமல் கூறுங்கள்," என்றார். இப்போதே அவர் குரல் நடுவர் குரலாகிவிட்டது.

ரெங்கசாமி சொன்னது இதுதான்.

தம்புசாமி என்று ஒருவர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதிர் அடுக்குமாடியில் வீடு. தினமும் காலையில் மனைவி தனலெட்சுமியோடு கடைக்கு வருவார். அவருக்கு நீரிழிவு. டாக்டர் இனிப்பை நிறுத்தச் சொன்னார். டாக்டர் சொன்னதைத் தனலெட்சுமி அமல்படுத்தினார். அன்றிலிருந்து இருவருக்கும் தே ஓ கொசோங். தே ஓ என்றால் பால் கிடையாது, கொசோங் என்றால் சீனியும் கிடையாது, வெறும் சாயம். முதல் நாள் அதைக் குடித்தபோது தம்புசாமியின் முகம் பென்ஷனை நிறுத்திக் கடிதம் வந்தவர் முகம் மாதிரி இருந்தது. மறுநாள் மனைவி பேப்பரைப் பிரித்த நேரம் பார்த்து அவர் அடுப்புப் பக்கம் நழுவி வந்தார்.

"ரெங்கா, இனிமே நான் கொசோங்னு சொன்னா கொசோங். கொசோங் லான்னு சொன்னா..." என்று ஒரு கண்ணை மூடித் திறந்தார்.

ரெங்கசாமிக்குப் புரிந்துவிட்டது. லா என்பது அந்த ஊரில் எல்லோரும் எதைச் சொன்னாலும் கடைசியில் சும்மா ஒட்டிக்கொள்கிற சொல், தனியாக யார் காதிலும் விழாது. அன்று முதல் தம்புசாமி மேசையில் உட்கார்ந்தபடியே, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "ரெங்கா, தே ஓ கொசோங் லா!" என்பார். கொசோங் மனைவியின் காதுக்கு. லா ரெங்கசாமியின் காதுக்கு. மூன்று கரண்டி சீனியைப் போட்டு, அடியில் ஒரு மணிகூடத் தெரியாதபடி கரைத்து, தனலெட்சுமியின் கொசோங்கோடு ஒரே தட்டில் கொண்டுபோய் வைப்பான். கறுப்புத் தேயில் சீனி கிடப்பது யாருக்குத் தெரியும்?

பல வருடம் இப்படியே போயிற்று. முதலில் தம்புசாமிக்குக் கால் விரல் போயிற்று. அப்புறம் சிறுநீரகம். அப்புறம் அவரே போய்விட்டார். சாவு வீட்டில் தனலெட்சுமி வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார். "கடைசி வரைக்கும் ஒரு சொட்டு இனிப்பு தொடலங்க. அப்படி ஒரு வைராக்கியம். இந்த ரெங்காவக் கேளுங்க, அவன்தான் தெனம் போட்டுக் குடுப்பான்." மாலையோடு நின்றிருந்த ரெங்கசாமி தலையை ஆட்டினான். அந்த ஒரு ஆட்டல்தான் அன்றிலிருந்து அவனைத் தூங்கவிடவில்லை. கடையில் யார் லா என்று சொன்னாலும் கை தானாகச் சீனி டப்பா பக்கம் போய்ப் பாதியில் நின்றது. பிரிக்ஃபீல்ட்ஸில் லா சொல்லாமல் யார் தே கேட்கிறார்கள்?

முழுவதையும் கேட்ட முகுந்தன் எழுந்து அவன் தோளைத் தட்டினார். "இதை ஒருவரிடமும் சொல்லாதீர்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்."

பார்த்துக்கொண்டார். அடுத்த வாரமே மின்கம்பங்களில் சுவரொட்டி தொங்கியது. ‘முதன்முறையாக, உயிரோடு ஒரு குற்றவாளி!’ என்று தலைப்பு. கீழே கைகூப்பிச் சிரிக்கும் ரெங்கசாமியின் தீபாவளிப் படம். ‘தே ஓ கொலை வழக்கு. அனைவரும் குடும்பத்தோடு வருக.’

ரெங்கசாமி பதறிப்போனான். "சார், யாருக்கும் சொல்லாதன்னீங்களே?"

"இறந்தவர் பெயரை மறைத்திருக்கிறோமே, கவனிக்கவில்லையா? அவருக்கென்று ஓர் அந்தரங்கம் உண்டு."

"எனக்கு?"

"நீங்கள் குற்றவாளி," என்று முகுந்தன் அன்போடு நினைவூட்டினார்.

போகாமல் இருந்திருக்கலாம். மனைவியும் அதையேதான் சொன்னாள். ஆனால் ரெங்கசாமி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டான். "சார், கடைசில தீர்ப்புன்னு ஒண்ணு கண்டிப்பா சொல்லிருவீங்களா?" தீர்ப்பு இல்லாமல் தங்கள் நிகழ்ச்சி முடிந்ததே இல்லை என்றார் முகுந்தன். அவனுக்கு அது போதும். உள்ளே போடச் சொன்னால்கூடப் போய் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. காப்பாரிலிருந்துகூட மோட்டார் சைக்கிளில் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். மேடையில் ஒட்டுப்பலகைக் கூண்டு ஒன்று நின்றது. அதன் நெற்றியில் சிவப்புச் சாயத்தில் ‘குற்றவாளி’ என்று எழுதியிருந்தது.

"அண்ணே, இன்னும் தீர்ப்பே சொல்லலியே," என்றான் ரெங்கசாமி.

"அது பழைய எழுத்து பாஸ், ரொம்ப வருஷமா இருக்கு," என்றார் செயலாளர் குகன். ஒரு கையில் மணி, மறு கையில் பொன்னாடை மூட்டை. மேடை ஏறுகிறவர் யாராக இருந்தாலும் பொன்னாடை போட வேண்டும் என்பது மன்றத்தின் விதி. அதை மீறியதாக அவர் மேல் இதுவரை ஒரு புகாரும் இல்லை. "இந்தாங்க, இத தலைல வைங்க."

தங்கத்தாள் ஒட்டிய அட்டைக் கிரீடம்.

"இது எதுக்குண்ணே?"

"கூண்டுல ஏறுறவங்க எல்லாருமே ராஜாங்க. கிரீடம் இல்லாம ஒருத்தர நிறுத்தினா மன்றத்துக்கு மரியாதையா?"

இப்படியாகத் தேத்தண்ணி கலக்கும் ரெங்கசாமி கிரீடத்தோடு கூண்டுக்குள் நுழைந்தான். கூண்டு கதைகளில் வரும் தொப்பையில்லாத ராஜாக்களின் அளவுக்குச் செய்தது. வயிற்றை உள்ளே இழுத்துத்தான் நிற்க முடிந்தது. குகன் ஓடி வந்து பொன்னாடை போர்த்தினார். அப்போது கூட்டத்தில் ஒருவர் மட்டும் எல்லோருக்கும் முன்னால் கைதட்டினார். ரெங்கசாமி பார்த்தான். முன்வரிசையில் தனலெட்சுமி.

அவர் வந்ததில் தப்பே இல்லை. தமிழர் சுவரொட்டியில் ஒரு மனிதரின் படம் வந்தால் ஒன்று பொன்னாடை, இல்லை கண்ணீர் அஞ்சலி. முந்தின நாள் கடையில் ரெங்கசாமியை உயிரோடு பார்த்திருந்ததால் இது பொன்னாடைதான் என்று முடிவு செய்துவிட்டார். சுவரொட்டியின் மற்ற எழுத்தை அவர் வாசிக்கவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ரெங்கசாமி கூண்டுக்குள்ளிருந்து கையை ஆட்டினான். "சார், ஆன்டி வந்திருக்காங்க. இன்னொரு நாள் வெச்சுக்கலாமே," என்று நடுவர் மேசையைப் பார்த்துக் கெஞ்சினான்.

"சாட்சி தானாகவே வந்திருக்கிறது. இலக்கியத்தில் இதற்கு ஊழ் என்று பெயர்," என்று முகுந்தன் மணியடிக்கச் சொன்னார்.

ரெங்கசாமி நன்றாகவே மாட்டிக்கொண்டான். உண்மை வெளியே வந்தால் தனலெட்சுமியிடம் மிச்சம் இருக்கும் அந்த ஒரு பெருமையும் போகும். வராவிட்டால் அவன் தூக்கம் போகும். தூக்கம் போனால் போகட்டும், ஆண்டவனே, இவர்கள் லாவைப் பற்றிப் பேசாமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டான்.

வாழ்த்துப் பாடல், வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை எல்லாம் முடிந்த பிறகு அரசுத் தரப்பு வழக்கறிஞராக லெஸ்லி எழுந்தார். அவர் கிள்ளானில் வீடு விற்பனைப் பத்திரம் எழுதும் நிஜ வழக்கறிஞர். சட்டம் படித்த நாளிலிருந்து ஒரு கொலை வழக்காவது வாதாட வேண்டும் என்று ஆசை. கிள்ளான் மக்களோ வீடு வாங்கினார்களே தவிர, அவர் பார்த்து வாதாடும்படி யாரையும் கொல்லவில்லை.

"நடுவர் அவர்களே! உயிர் என்பது என்ன? இறைவன் மனிதனுக்குத் தரும் லீஸ்ஹோல்ட் சொத்து! ஃப்ரீஹோல்ட் யாருக்கும் கிடையாது. ஆனால் லீஸ் முடிவதற்கு முன்னால் ஒரு வாடகைதாரரைக் காலி செய்ய வைப்பது என்றால், முறையான நோட்டீஸ் வேண்டாமா? இந்தக் குற்றவாளி நோட்டீஸ் கொடுத்தாரா?"

கூட்டம் "இல்லை!" என்றது. ரெங்கசாமியும் யோசித்துப் பார்த்தான். கொடுக்கவில்லைதான்.

"கவனக்குறைவால் மரணம் என்றால் முந்நூற்று நாலு ஏ. உள்நோக்கத்தோடு செய்தால் முந்நூற்று இரண்டு. இவருக்கு உள்நோக்கம் இருந்ததா? ஒரு கரண்டி சீனி போட்டால் கவனக்குறைவு. மூன்று கரண்டி போட்டால் அதற்குப் பெயர் திட்டம்! இறந்தவர் மேசையில் உட்கார்ந்து ‘கொசோங்’ என்று ஒரு காதுக்கும், ‘லா’ என்று இன்னொரு காதுக்கும்..."

ரெங்கசாமி கண்ணை மூடிக்கொண்டான். திறந்து பார்த்தபோது தனலெட்சுமி பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். குளிரூட்டியின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. கடவுள் அந்தக் குளிரூட்டி ரூபத்தில் வந்து உதவினார்.

எதிர்த்தரப்பில் புலவர் உஷாராணி எழுந்தார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசுகிற குரல். குளிரூட்டியின் உதவி அந்தக் குரலிடம் எடுபடவில்லை.

"கொலை செய்தது இவர் அல்லர். கொலைக்கருவி என்று சொல்லப்படுவது ‘லா’ என்னும் சொல். அது பெயர்ச்சொல்லா? இல்லை. வினைச்சொல்லா? இல்லை. அது ஓர் இடைச்சொல்! பெயரும் வினையும் கைபிடித்து நடத்தாவிட்டால் ஓரடி எடுத்து வைக்கத் தெரியாத பச்சைக் குழந்தை! தனித்து நின்று ஒரு பொருளைத் தர முடியாத சொல், ஓர் உயிரை எப்படி ஐயா எடுக்கும்?"

"ஆட்சேபணை! அது குழந்தை இல்லை, உடந்தை!" என்று லெஸ்லி துள்ளி எழுந்தார்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இயைபு விழுந்துவிட்டால் இந்த மன்றத்தில் எதிரணியும் சேர்ந்து கைதட்டும். முகுந்தன் மேசையைத் தட்டினார்.

"முதலில் ஓர் எல்லைச் சிக்கலைத் தீர்க்க வேண்டும். ‘லா’ தமிழ்ச் சொல்லா? அன்றெனில் அதை விசாரிக்கும் அதிகாரம் இம்மன்றத்துக்கு இல்லை."

அரைமணி நேரம் இதற்கே போயிற்று. மலாய் என்றார் ஒருவர், சீனம் என்றார் இன்னொருவர். காப்பாரிலிருந்து வந்த பெரியவர், தன் அப்பா காலத்துத் தோட்டத்திலேயே லா இருந்தது, இங்கேயே பிறந்து இங்கேயே வளர்ந்தது என்று சாட்சி சொன்னார். முகுந்தன் கண்ணை மூடி யோசித்துத் தீர்ப்பளித்தார். "தலைமுறை தலைமுறையாக நம் நாவில் குடியிருந்தாலும், பிறப்புச் சான்று இல்லாத சொல். ஆகவே அதற்கு நிரந்தரவாசிகளுக்குரிய சிவப்பு அடையாள அட்டை வழங்கலாம். குடிமக்களுக்குரிய நீல அட்டை வழங்க இயலாது."

கூட்டத்தில் பலர் சிரித்தார்கள். பின்வரிசையில் சிலர் சிரிக்கவில்லை.

"இனி உள்நோக்கம்," என்று முகுந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உள்நோக்கம் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒருமுறை நீதிமன்றத்தில் ஒரு தாய். பிள்ளையை அடித்த வழக்கு. பிள்ளையிடம் என்ன சொன்னாய் என்று கேட்டார்கள். ‘சாப்பிடலன்னா கொன்னுடுவேன்டா’ன்னு சொன்னேன் என்றாள். நான் அதை ஒரு சொல்கூடக் கூட்டாமல் குறைக்காமல், கொலை மிரட்டல் என்று துல்லியமாக மலாயில் மொழிபெயர்த்தேன். அவளுக்கு ஆறு மாதம் கிடைத்தது. நீதிபதி என்னை அறைக்கு அழைத்து என் துல்லியத்தைப் பாராட்டினார். அந்தப் பாராட்டுக்குப் பின்னால்தான் எனக்குப் பதவி உயர்வே வந்தது."

பலத்த கைதட்டல். குகன் பழக்கதோஷத்தில் இன்னொரு பொன்னாடை போர்த்தினார். ரெங்கசாமி கைதட்டவில்லை. அவன் அம்மா அதே வார்த்தையைச் சொல்லித்தான் அவனுக்குச் சோறு ஊட்டினாள். இந்த மனிதரிடமா கேள்வி கேட்டோம் என்று முதன்முறையாகத் தோன்றியது.

"குற்றவாளியே, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் கூறும். ‘கொசோங் லா’ என்றால் சீனி என்று பொருள் கொண்டீரா?"

"சார், நான் கொன்னேனா இல்லியான்னு கேக்கத்தான் வந்தேன்..."

"வினவும் உரிமை குற்றவாளிக்கு இல்லை." மணி அடித்தது.

அப்போது முன்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. தனலெட்சுமி எழுந்து நின்றார்.

"ஒரு நிமிஷம் இருங்க. கொசோங் லான்னு கேட்டது யாரு?"

"பார்வையாளர்கள் பேசக் கூடாது," என்றார் முகுந்தன்.

"நீங்க சும்மா இருங்க சார். ரெங்கா, உன்னத்தான் கேக்குறேன். யாரு?"

ரெங்கசாமி கிரீடத்தைக் கழற்றினான். அதை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது.

"தம்பு அங்கிள்தான் ஆன்டி. லான்னா மூணு கரண்டி சீனி. நீங்க பேப்பர் படிக்கிறப்ப சொல்லி வெச்சாரு. கால் வெரலு போனப்ப ஒருவாட்டி நெஜமாவே கொசோங் குடுத்தேன். ரெண்டு நாள் எங்கூட பேசல. மூணாம் நாள் வந்து பச்சப்புள்ள மாதிரி என் மூஞ்சியவே பாத்தாரு. மனசு கேக்கல ஆன்டி. போட்டுட்டேன். அவர நான்தான் கொன்னேனான்னு தெரியல. செத்த வீட்டுல நீங்க சொன்னப்ப தலைய ஆட்டுனேன் பாருங்க, அது மட்டும் தப்புன்னு தெரியும்."

தனலெட்சுமி வாயைத் திறப்பதற்குள் நாலாவது வரிசையில் ஒரு பெண் மெல்லக் கையைத் தூக்கினார். காலையில் புட்டு மாயம் என்னும் இடியாப்பம் விற்கிறவர்.

"அக்கா, எங்கிட்டயும் அவரு ‘சீனி வேணாம்லா’ன்னுதான் சொல்லுவாரு. நான் நாட்டுச் சீனிய கீழ வெச்சு, புட்ட மேல வெச்சு பொட்டலமா பொங்குஸ் பண்ணிக் குடுப்பேன்."

"செண்டோலுக்கும் அதே கதைதான்," என்றார் சுவரோரம் நின்ற இனிப்பு ஐஸ் கடைக்காரர் ஒருவர். "‘வெறும் ஐஸ்லா’ன்னு சொல்லுவாரு மனுசன்."

ரெங்கசாமி கூண்டுக்குள் வாயைப் பிளந்தான். இத்தனை நாளும் அவன் ஒருவனாகச் சுமந்தது. தனக்கு மட்டுமே சொன்ன ரகசியம் என்று நினைத்துத்தான் தூக்கத்தைத் தொலைத்தான். இந்தப் பாவி மனிதர் தெரு முழுக்க லா சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். பாரம் குறைந்த மாதிரியும் இருந்தது, எதையோ பறிகொடுத்த மாதிரியும் இருந்தது.

"பொது உள்நோக்கம்! பிரிவு முப்பத்து நாலு!" லெஸ்லியின் குரல் ஆனந்தத்தில் உடைந்தது. வாழ்நாளில் ஒரு கொலையாளிக்கு ஏங்கியவருக்கு ஒரே நாளில் மூன்று. மற்ற இருவரையும் கூண்டில் ஏற்றச் சொன்னார் முகுந்தன். கூண்டில் ரெங்கசாமிக்கே இடம் போதாது என்று குகன் தெரிவித்தார். முறை வைத்து ஏறலாமா என்று ஆலோசனை நடந்தது.

இதற்கிடையில் தனலெட்சுமி மேடைக்கு ஏறிவிட்டார். ஏறியவுடன் குகன் ஓடி வந்து அவர் தோளில் பொன்னாடை போர்த்தினார். தனலெட்சுமி அதைக் கவனிக்கவே இல்லை. மஞ்சள் பொன்னாடை தோளில் மினுமினுக்க, மைக் முன்னால் நின்றார்.

"எனக்கு ஷுகர் இல்லங்க. பிரஷர் இல்ல. ஒரு வியாதியும் இல்ல. அவரு மட்டும் கசப்பு குடிச்சா மனசு கஷ்டப்படுமேன்னு நானும் கொசோங் கேட்டேன். பன்னெண்டு வருஷம். கல்யாண வீட்டுல கேசரிய தள்ளி வெச்சேன். பேத்தி பொறந்தநாளுக்கு கேக்க தொடல. தீவாளிக்கு ஊருக்கே பலகாரம் சுட்டேன், ஒண்ணு வாயில வெக்கல. அந்த மனுசன் எனக்கு எதுத்தாப்ல உக்காந்து, என் மூஞ்சிய பாத்துக்கிட்டே இனிப்பு குடிச்சிருக்காரு. நான் எதுக்குங்க கசப்பு குடிச்சேன்?"

தனலெட்சுமி லெஸ்லியின் பக்கம் திரும்பினார்.

"செத்ததுக்கு நம்பர் சொன்னீங்களே தம்பி. இதுக்கு உங்க சட்டத்துல என்ன நம்பர்?"

லெஸ்லி அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினார். அவர் மேடைக்கு எடுத்து வந்திருந்தது நிலச் சட்டம். உஷாராணி ஏதோ சொல்ல வாயெடுத்து, இயைபு கிடைக்காமல் உட்கார்ந்துவிட்டார். தனலெட்சுமி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பொன்னாடையோடு படியிறங்கிப் போய்விட்டார்.

முகுந்தன் தொண்டையைச் செருமினார். எந்தச் சூழ்நிலையிலும் தீர்ப்பு சொல்லாமல் விடமாட்டார், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

"இரு தரப்பு வாதங்களையும் சீர்தூக்கிப் பார்த்தேன். வழக்குத் தொடுத்தவரும் வென்றார். எதிர்த்து வாதாடியவரும் வென்றார். அனைத்துக்கும் மேலாக, இன்று இங்கே தமிழ் வென்றது!"

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. குலுக்கலில் காப்பார்க்காரர் ஒருவருக்கு ரைஸ் குக்கர் விழுந்தது. தமிழ் வென்றதில் ரெங்கசாமிக்கும் சந்தோஷம்தான். ஆனால் கொன்றானா இல்லையா என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. வயிற்றை எக்கிக் கூண்டைவிட்டு வெளியே வந்து, கிரீடத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

கடைப்பக்கம் வந்தபோது பூட்டிய கடைக்கு முன்னால் பெஞ்சில் தனலெட்சுமி உட்கார்ந்திருந்தார். அழுது முடித்த முகம். ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். கால் போகவில்லை.

"கடை இன்னிக்கு லீவு ஆன்டி."

"தெரியும். அடுப்பு இருக்குல்ல? ஒரு தே போடு. பால் போட்டு, சீனி போட்டு. நல்லாவே போடு."

ரெங்கசாமி பூட்டைத் திறந்தான். தண்ணீரைக் கொதிக்க வைத்தான். டின்பாலை ஊற்றினான், சீனியைப் போட்டான், தூக்கி ஆற்றினான், நுரையோடு கொண்டுவந்து வைத்தான். தனலெட்சுமி கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். அப்புறம் நிறுத்தவே இல்லை.

"இவ்ளோ நல்லாவா இருந்துச்சு," என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

ரெங்கசாமிக்கு இனி அடக்க முடியவில்லை. "ஆன்டி, அங்க ஒருத்தரும் சொல்லல. நீங்களாச்சும் சொல்லிருங்க. நான் அவரக் கொன்னேனா?"

தனலெட்சுமி அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"அது எனக்குத் தெரியலடா. வெறும் கசப்பக் குடிச்சு இன்னும் அஞ்சு வருஷம் இருந்திருப்பாரு. இல்ல, அடுத்த தெருவுல போயி லா சொல்லியிருப்பாரு. அந்தக் கணக்கு சாமிக்குத்தான் தெரியும். ஆனா தெனமும் ரெண்டு கிளாஸ ஒரே தட்டுல கொண்டாந்து வெச்சியே. என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே வெச்சியே. அது எனக்குத் தெரியும்."

ரெங்கசாமி தலையைக் குனிந்துகொண்டான். தனக்குப் போர்த்திய பொன்னாடை இன்னும் தன் தோளிலேயே கிடப்பதை அப்போதுதான் கவனித்து, அதை எடுத்துப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தான்.

"அவரையும் நான் மன்னிக்கல. உன்னையும் மன்னிக்கல," என்றார் தனலெட்சுமி. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, காலி கிளாஸை அவன் பக்கம் தள்ளினார்.

"இன்னொண்ணு போடு."